போர்ட் கேம் வாங்கப் போறீங்களா? கேஎல்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம்ம வீட்டுல போர்ட் கேம்னு சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது மோனோபோலி மாதிரி இருக்கிற சைடினாவும், டாம் உலார்னு சொல்ற பாம்பு ஏணி ஆட்டமும்தான். ஸ்கூல் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனா பெரியவங்க ஒரு பக்கம் ரம்மி போடுவாங்க, பாட்டி பல்லாங்குழிய எடுத்து வெப்பாங்க, பசங்க நாங்க சைடினா பணத்த எண்ணிக்கிட்டு உக்காந்திருப்போம். அப்புறம் வேலைக்குப் போன பிறகு ஒரு கூட்டாளி சுபாங் பக்கம் ஒரு போர்ட் கேம் கஃபேக்கு இழுத்துட்டுப் போனான், அங்க கட்டான்னு ஒண்ணு, ஒரு தீவுல ரோடும் வீடும் கட்டிப் போட்டி போடுற கேம், விளையாடினேன், ராத்திரி வீட்டுக்கு வந்து தூக்கமே வரல, "அந்த செங்கல்ல ரோடு போடாம வீடு கட்டிருக்கணும்"னு அதே நெனப்பு. அன்னைக்குப் புடிச்சதுதான் இந்தப் பைத்தியம். இப்ப செந்தூல் ஃபிளாட்ல ஒரு அலமாரி முழுக்க கேம்.

இதப் பாத்துட்டு வாரத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க, "அண்ணே, எது வாங்கலாம்?" நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், "யாரோட விளையாடப் போறீங்க?" இந்த வழிகாட்டில சொல்றது முழுக்க அந்தக் கேள்விலேர்ந்துதான் வருது. நல்ல கேம் எதுன்னு தேடாதீங்க, உங்க மேசைக்கு எது நல்ல கேம்னு தேடுங்க, ரெண்டும் வேற வேற. நான் முதல் வருஷம் இது தெரியாம டெராஃபார்மிங் மார்ஸ் வாங்கிட்டேன். 2016ல வந்த கேம், ஜேகப் ஃப்ரிக்ஸேலியஸ் பண்ணது, அற்புதமான கேம், இன்னைக்கும் சொல்வேன். ஆனா என் மேசையில இருந்தது அம்மா, அக்கா, பத்து வயசு மருமகன். 200க்கும் மேல கார்டு, ஒவ்வொண்ணுலயும் இங்கிலீஷ்ல விளக்கம், அம்மா அரை மணி நேரம் பொறுமையா பாத்துட்டு எழுந்து சமைக்கப் போயிட்டாங்க. கேம் மேல தப்பே இல்ல, மேசைதான் வேற.

படி 1: யாரு உண்மையிலேயே உக்காருவாங்க

ஒரு பேப்பர் எடுத்து, போன ரெண்டு மாசத்துல உங்க வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்தவங்க யாருன்னு எழுதுங்க. வரணும்னு நீங்க ஆசப்படுறவங்கள எழுதாதீங்க, வந்தவங்கள மட்டும். பெரும்பாலானவங்களுக்கு மூணு மேசை வரும்: வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், சனி ஞாயிறுல குடும்பம் நாலஞ்சு பேர், அப்புறம் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் மாதிரி எட்டு பத்து பேர் வந்து போற கூட்டம். எந்த மேசை அடிக்கடி கூடுதோ அதுக்குத்தான் முதல் கேம்.

டப்பாவுல போட்டிருக்கிற ஆள் கணக்க அப்படியே நம்பிடாதீங்க. 2லேர்ந்து 5ன்னு போட்டிருக்கும், ஆனா ரெண்டு பேருக்கு சப்புனு இருக்கும், அஞ்சு பேருக்கு உங்க முறை வர்றதுக்குள்ள தூக்கம் வந்துரும். போர்ட்கேம்கீக்னு ஒரு வெப்சைட், 2000லேர்ந்து இருக்கு, அதுல ஒவ்வொரு கேமுக்கும் எத்தன பேர் விளையாடினா நல்லாருக்கும்னு விளையாடினவங்களே ஓட்டு போட்டிருப்பாங்க. டப்பாவ விட அந்த ஓட்டுதான் முக்கியம். கட்டான் 3லேர்ந்து 4 பேருக்கு, அஞ்சாவது ஆள் வந்தா தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கணும், இது தெரியாம வாங்கிட்டு முழிக்கிறவங்க நெறைய பேர். 7 வொண்டர்ஸ் 3லேர்ந்து 7, எல்லாரும் ஒரே நேரத்துல கார்டு போடுறதால ஏழு பேரு இருந்தாலும் இழுக்காது. ரெண்டே பேருன்னா அதுக்குன்னே செஞ்ச கேம் வாங்குங்க, 2014ல வந்த பேட்ச்வொர்க், 2015ல வந்த 7 வொண்டர்ஸ் டுயல், இந்த ரெண்டும் வெறும் ரெண்டு பேருக்குத்தான், மூணாவது ஆளுக்கு இடமே கெடையாது, அதனாலதான் அவ்வளவு கச்சிதமா இருக்கு.

படி 2: எவ்வளவு நேரம், எவ்வளவு தலைபாரம்

டப்பாவுல 60 நிமிஷம்னு போட்டிருந்தா அது விதி தெரிஞ்சவங்களுக்கு. முதல் தடவை ரெண்டு மடங்கு வெச்சுக்குங்க. ஃபெடரல் ஹைவே ஜாம்ல மாட்டி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு உக்காந்தா ஒம்போது, அதுக்கு மேல வார நாள்ல 45 நிமிஷ கேமுக்கு மேல வேணாம்.

தலைபாரத்துக்கு, அதாவது கேம் எவ்வளவு சிக்கல்ங்கிறதுக்கு, போர்ட்கேம்கீக்லயே 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும். அசூல் 1.8 பக்கம், கட்டான் 2.3 பக்கம், விங்ஸ்பேன் 2.5 பக்கம், டெராஃபார்மிங் மார்ஸ் 3.2க்கு மேல, ப்ராஸ் பர்மிங்ஹாம் 3.9 பக்கம். இந்த விஷயத்துக்கே புதுசுன்னா 2க்கு கீழ ஆரம்பிங்க, ஒரு அஞ்சாறு கேம் ஆன பிறகு 2.5, அதுக்கு மேல போறது உங்க கூட்டத்தோட பொறுமையப் பொறுத்தது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த சைட்ல ரேங்க்கிங் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதோட உச்சில ப்ராஸ் பர்மிங்ஹாம் மாதிரி கேம் இருக்கும், 1770லேர்ந்து 1870 வரைக்கும் இங்கிலாந்துல கால்வாய், ரயில் பாதை போட்டு தொழில் பண்ற கதை, ஆழமான கேம். ஆனா அந்த ரேங்க் போடுறவங்க ஏற்கனவே நூறு கேம் விளையாடி முடிச்சவங்க. மொத மொத சமைக்கக் கத்துக்கிறவங்க கல்யாண வீட்டு மாஸ்டர் கிட்ட லிஸ்ட் கேட்ட மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலா ஜெர்மன்காரங்க 1979லேர்ந்து குடுக்கிற ஸ்பீல் டெஸ் யாரெஸ் பரிசப் பாருங்க, அது குடும்பத்தோட உக்காந்து விளையாடுற கேமுக்குத்தான் குடுப்பாங்க. கட்டான் 1995, டிக்கெட் டு ரைடு 2004, டிக்ஸிட் 2010, க்விர்க்கிள் 2011, கோட்நேம்ஸ் 2016, அசூல் 2018, ஜஸ்ட் ஒன் 2019, கஸ்கேடியா 2022. டப்பாவுல செவப்பு கலர்ல ஒரு காய் மாதிரி முத்திரை இருக்கும். கொஞ்சம் அனுபவம் உள்ளவங்களுக்கு 2011லேர்ந்து கென்னர்ஸ்பீல்னு தனிப் பரிசு, அதோட முத்திரை கருஞ்சாம்பல் கலர், 7 வொண்டர்ஸ், விங்ஸ்பேன் எல்லாம் அதுல வாங்கினதுதான்.

படி 3: மொழி

இத எந்த இங்கிலீஷ் வழிகாட்டிலயும் யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம். அம்மாவுக்கு தமிழ் நல்லா படிக்க வரும், மலாய் பேசுவாங்க, இங்கிலீஷ் கார்டு படிக்கச் சொன்னா கூச்சப்பட்டு ஒதுங்கிடுவாங்க. தமிழ்ப்பள்ளில ரெண்டாம் வகுப்பு படிக்கிற புள்ளைக்கும் அதே பிரச்சினை. ஒருத்தர் கார்டப் படிக்க இன்னொருத்தர் காதுல மொழிபெயர்த்துக்கிட்டே இருந்தா, கைல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி விளையாடுற நேரத்துல கைல வெச்சுப் படிக்க வேண்டிய எழுத்து எவ்வளவுன்னு பாருங்க. விதிப் புத்தகம் இங்கிலீஷ்ல இருந்தா பரவால்ல, நீங்க ஒருத்தர் படிச்சா போதும். கார்டுல எழுத்து இருக்கான்னுதான் கேள்வி.

எழுத்தே இல்லாத கேம்ல என் முதல் ஓட்டு அசூல். மைக்கேல் கீஸ்லிங் பண்ணது, 2017. போர்ச்சுகல் அரண்மனைச் சுவத்துல ஓடு பதிக்கிற கதை, அஞ்சு கலர்ல மொத்தம் 100 கட்டை. வட்டத் தட்டுல நாலு நாலா கட்டை இருக்கும், ஒரு தட்டுலேர்ந்து ஒரே கலர் கட்டை எல்லாத்தயும் எடுத்துக்கணும், மிச்சத்த நடுவுல தள்ளணும், தேவைக்கு மேல எடுத்தா கீழ விழுந்து பாயிண்ட் கொறையும். அவ்வளவுதான் விதி. அம்மா அந்தக் கட்டைய "மிட்டாய்"னுதான் சொல்வாங்க, கோலத்துல புள்ளி நிரப்புற மாதிரி ரசிச்சு வெப்பாங்க, அதே நேரம் நமக்கு வேண்டாத ஆறு மிட்டாய நம்ம தலைல கட்டவும் அவங்களுக்கு நல்லாவே தெரியும். க்விர்க்கிளும் அப்படித்தான், ஆறு வடிவம் ஆறு கலர், மூணு மூணா 108 மரக்கட்டை. ஸ்ப்ளெண்டர், கார்காசோன் ரெண்டுலயும் படிக்க ஒண்ணும் கெடையாது. டிக்கெட் டு ரைடுல ஊர்ப் பேரு மட்டும் இங்கிலீஷ்ல இருக்கும், ரெண்டு ஆட்டத்துல பழகிடும்.

இதுக்கு நேர்மாறா ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. வார்த்தை கேம வாங்கி தமிழ்ல மாத்திடுறது. கோட்நேம்ஸ் ரெண்டு அணி ஆட்டம், 25 வார்த்தை கார்ட 5க்கு 5 அடுக்கி, எது யாருதுன்னு காட்டுற சாவி கார்டு ஒண்ண ரெண்டு தலைவரும் மட்டும் பாப்பாங்க. அந்த சாவிக்கு மொழியே கெடையாது. அதனால மணிலா அட்டைய வெட்டி 200 தமிழ் வார்த்தை எழுதி வெச்சுட்டேன்: மணி, யானை, தேர், நெத்திலி, கடன், மாமியார், ரப்பர் மரம், எஸ்டேட். தலைவர் "கோயில், மூணு"ன்னு சொன்னா மணி, யானை, தேர் மூணையும் தொடணும், தப்பா கொலைகாரன் கார்டத் தொட்டா ஆட்டம் காலி. ஜஸ்ட் ஒன்னும் இதே மாதிரிதான், ஒருத்தர் கண்டுபிடிக்கணும், மத்தவங்க ஆளுக்கு ஒரு வார்த்தை துப்பு எழுதணும், ரெண்டு பேரு ஒரே துப்பு எழுதிட்டா அது ரெண்டும் அடிபட்டுரும். போன தீபாவளிக்கு வார்த்தை "தைப்பூசம்", மூணு பேரு காவடின்னு எழுதி மூணும் போச்சு, மிஞ்சினது "கூட்டம்", "மொட்டை", "272". பத்துமலைல பழைய படிக்கட்டு 272ன்னு தெரிஞ்ச அம்மா பட்டுனு சொல்லிட்டாங்க, வீடே கத்துச்சு. இங்கிலீஷ் கார்டோட விளையாடியிருந்தா அம்மா அன்னைக்கு சோஃபாவுல உக்காந்து எங்கள வேடிக்கதான் பாத்திருப்பாங்க.

படி 4: உங்க ஆளுங்க குணம்

ஏற்கனவே என்ன விளையாடுவாங்கன்னு கேளுங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. ரம்மி போடுறவங்களுக்கு டிக்கெட் டு ரைடு, ஒரே கலர் கார்டு சேத்து ரயில் பாதை புடிக்கிறது அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வித்தை. கேண்டீன்ல சோ டாய் டீ சீட்டாட்டம் அடிச்சு வளந்த பசங்களுக்கு ஸ்கௌட், ஜப்பான்காரர் கேய் கஜினோ பண்ணது, 45 கார்டுதான், ஆனா கைல வந்த வரிசைய மாத்தக் கூடாது, அந்த ஒரு விதிலதான் மொத்த வேடிக்கையும் இருக்கு. சின்ன டப்பா, மாமாக் கடைல தே தாரிக் கிளாஸ நகத்தி வெச்சுட்டே விளையாடலாம்.

தோத்தா முகம் தூக்கி வெச்சுக்கிறவங்க இருந்தா, ஒருத்தர ஒருத்தர் அடிக்கிற கேம் வேணாம். எங்க மருமகன் டிக்கெட் டு ரைடுல அவன் பாதைய நான் அடைச்சதுக்கு ரெண்டு நாள் பேசல. அந்த மாதிரி மேசைக்கு கஸ்கேடியா நல்லது, ஆளாளுக்கு தன் காட்ட தானே வளக்கிறது, யாரும் வந்து கெடுக்க மாட்டாங்க. இல்லன்னா எல்லாரும் ஒரே பக்கம் நின்னு கேமோட மோதுற பாண்டெமிக், மேட் லீகாக் 2008ல பண்ணது. ஆனா பாண்டெமிக்ல ஒரு ஆபத்து, கெட்டிக்கார மாமா ஒருத்தர் உக்காந்தா எல்லாருக்கும் அவரே முடிவெடுத்துடுவார். அவரு இருக்கிற வீட்டுக்கு தி க்ரூ வாங்குங்க, அதுல கைல இருக்கிற கார்ட பத்தி வாயத் திறக்கவே கூடாது, 50 மிஷன், ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே போகலாம்.

படி 5: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை

கஃபேக்குப் போங்க. கிள்ளான் பள்ளத்தாக்குல மணிக்கணக்குக்கோ ஆள் கணக்குக்கோ காசு வாங்கிக்கிட்டு அலமாரியத் திறந்து விடுற கடைங்க இருக்கு, நல்ல கடைன்னா வேலை செய்றவங்களே விதி சொல்லிக் குடுப்பாங்க. இல்லன்னா போர்ட் கேம் அரீனால ஆன்லைன்ல விளையாடிப் பாருங்க, நெறைய கேம் சும்மாவே விளையாடலாம். ஆனா அங்க கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு விதிய காப்பாத்திடும், மேசைல அந்த வேலை உங்க தலைல விழும், அத மனசுல வெச்சுக்குங்க. விதிப் புத்தகம் பெரும்பாலும் கேம் கம்பெனி சைட்லயே பிடிஎஃப்பா கெடைக்கும். அத முழுசாப் படிக்கப் பொறுமை இல்லன்னா அந்த கேம உங்களால மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கவும் முடியாது, அப்ப வாங்காதீங்க. இது கடுமையா தெரியலாம், ஆனா என் அலமாரில தூங்குற கேம் எல்லாமே இந்த ஒரு சோதனைல ஃபெயில் ஆனதுதான்.

படி 6: காசு

விலைய டப்பாவப் பாத்து அளக்காதீங்க, ஆட்டத்தால வகுங்க. நான் அசூல் 180 ரிங்கிட் குடுத்து வாங்கினேன், நோட்ல கணக்கு வெச்சிருக்கேன், இதுவரைக்கும் 60 ஆட்டம், ஒரு ஆட்டம் 3 ரிங்கிட். 320 ரிங்கிட்டுக்கு வாங்கின ஒரு பெரிய டப்பா நாலே தடவை மேசைக்கு வந்துச்சு, ஒரு ஆட்டம் 80 ரிங்கிட். அந்த நோட்டு வெச்ச பிறகுதான் என் கை அடங்குச்சு, நீங்களும் வெச்சுக்குங்க.

வெளிநாட்டுலேர்ந்து ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கு: 2024 ஜனவரி 1லேர்ந்து 500 ரிங்கிட்டும் அதுக்குக் கீழயும் உள்ள பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 200 ரிங்கிட் கேம்னா 20 ரிங்கிட் அங்கயே சேந்துரும், அதுக்கு மேல ஷிப்பிங், போர்ட் கேம்னா கனம், க்ளூம்ஹேவன் டப்பா 9 கிலோ பக்கம் வரும். இதெல்லாம் கூட்டிப் பாத்தா பல நேரம் இங்க கடைல வாங்குறதே மலிவு, டப்பா அடிபட்டு வந்தா போய் கேக்கவும் ஆள் இருக்கு. கேம் தயாராகுறதுக்கு முன்னாடியே காசு திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் சைட்ல காசு கட்டுறது கடைல வாங்குற மாதிரி கெடையாது, ஒரு வருஷம் காத்திருக்கணும், சில நேரம் அதுக்கு மேலயும். முதல் பத்து கேமுக்கு அந்தப் பக்கமே போகாதீங்க.

போலி கேம் ஜாக்கிரதை. பாதி விலைக்கு ஸ்ப்ளெண்டர் வந்துச்சேன்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். ஒரிஜினல்ல சூதாட்டக் காசு மாதிரி கனமா 40 காசு இருக்கும், கைல உருட்டுறதே ஒரு சொகம், வந்தது தக்கை மாதிரி பிளாஸ்டிக். அத விடக் கொடுமை, கார்டோட பின்பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு ஷேடு. ஸ்ப்ளெண்டர்லயாவது சமாளிக்கலாம், கார்ட மறச்சு வெச்சு விளையாடுற கேம்ல இப்படி இருந்தா ஆட்டமே செத்துப் போச்சு, பின்பக்கத்தப் பாத்தே கார்டு தெரிஞ்சிரும். ஒழச்சுப் பண்ணவங்களுக்கும் ஒரு சென் போகாது. விலை ரொம்பக் கம்மி, டப்பா இல்லாம அனுப்புறோம்னு சொல்றாங்க, படத்துல கம்பெனி முத்திரை மங்கலா இருக்கு, இதுல எது இருந்தாலும் விட்டுடுங்க.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், போர்ட் கேம் ஆளுங்க பொருள பத்திரமா வெப்பாங்க. எல்ஆர்டி ஸ்டேஷன்ல பாத்துக் கைமாத்துறதுதான் வழக்கம், கூச்சப்படாம அங்கயே உக்காந்து எண்ணுங்க. கார்காசோன்ல 72 ஓடு, ஸ்ப்ளெண்டர்ல 90 கார்டு, டிக்கெட் டு ரைடுல ஒரு கலருக்கு 45 ரயில் வீதம் அஞ்சு கலர்.

படி 7: அப்ப முதல் மூணு?

குடும்ப மேசைக்கு அசூல், கூட்ட மேசைக்கு ஜஸ்ட் ஒன், பைக்குள்ள போட்டுக்கிட்டு சுத்த ஸ்கௌட். இந்த மூணுல ஒரு வருஷம் ஓட்டலாம். ரெண்டு பேரு மட்டும்னா அசூலுக்குப் பதிலா பேட்ச்வொர்க். கட்டான் ஏன் இல்லன்னு கேப்பீங்க, எனக்கு இந்த உலகத்தக் காட்டினதே அதுதான், கிளவுஸ் டாய்பர் அந்தக் காலத்துல பல் கட்டுற வேலை பாத்துக்கிட்டே வீட்டுல உக்காந்து செஞ்ச கேம்னு தெரிஞ்சப்ப இன்னும் பாசம் கூடிச்சு. ஆனா டைஸ் சரியா விழலன்னா ஒருத்தர் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பார், புதுசா வர்றவங்களுக்கு அது ரொம்ப சோர்வு. பேரம் பேசுறதுல உயிரா இருக்கிற கூட்டம்னா மட்டும் வாங்குங்க.

எக்ஸ்பேன்ஷன், அதாவது கேமோட சேத்து விளையாட தனியா விக்கிற கூடுதல் டப்பா, எதுவும் பத்து ஆட்டம் முடியுற வரைக்கும் வேணாம்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

ஓப்பன் ஹவுஸ் அன்னைக்கு டப்பாவப் பிரிக்காதீங்க. முந்தின நாளே தனியா உக்காந்து ரெண்டு மூணு பேரு கைய நீங்களே விளையாடிப் பாருங்க. சொல்லிக் குடுக்கிறப்ப முதல்ல ஜெயிக்கிறது எப்படின்னு சொல்லுங்க, அடுத்து உங்க முறைல என்ன செய்யலாம், அதோட நிறுத்திட்டு ரெண்டு சுத்து கார்டத் தெறந்து வெச்சு விளையாடுங்க. தமிழ்லயே சொல்லுங்க, விதி எல்லாம் இங்கிலீஷ்ல வாய்க்கு வரும், ஆனா "இந்த வரிச நிறஞ்சா ஒண்ணு இந்தப் பக்கம் போகும்"னு சொல்றப்ப மேசைல இருக்கிற முகங்கள் மாறுறத நீங்களே பாப்பீங்க. முறுக்கு தட்டு பக்கத்து ஸ்டூல்ல இருக்கட்டும், எண்ணெய்க் கை பட்ட கார்டு திரும்ப வராது.

நம்ம ஊரு ஈரம்தான் கார்டுக்கு எமன். மழைக் காலத்துல வெளிச் சுவத்துல ஒட்டின அலமாரில வெச்சா ரெண்டே மாசத்துல டப்பா மூடி வளஞ்சு பூசணம் பூத்துரும். சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி வைங்க, தரையில வேணாம், ஒவ்வொரு டப்பாக்குள்ளயும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அலமாரிக்குள்ள சூப்பர்மார்க்கெட்ல விக்கிற ஈரம் உறிஞ்சுற டப்பா, தண்ணி நிறஞ்சதும் மாத்திடுங்க. அடிக்கடி கலக்குற கார்டுக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது பிளாஸ்டிக் உறை, போடுங்க. சாதாரண சைஸ் 63.5க்கு 88 மில்லிமீட்டர், ஆனா எல்லா கேமும் அந்த சைஸ் கெடையாது, ரூலர வெச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை அலமாரிய எறக்கி, ஒரு வருஷமா தொடாத கேம வித்துடுங்க இல்ல குடுத்துடுங்க. நான் பக்கத்துல இருக்கிற தமிழ்ப்பள்ளிக்கு எங்க க்விர்க்கிள குடுத்தேன், 108 கட்டையும் எண்ணி துணிப் பைல போட்டு, விதிய தமிழ்ல ஒரே பக்கத்துக்கு எழுதி உள்ள வெச்சேன். நீங்க குடுக்கிறப்பவும் அந்த ஒரு பக்கத்த மறக்காம எழுதி வைங்க, அது இல்லன்னா டப்பா டீச்சர்ஸ் ரூம் பீரோவுலயே இருந்துரும்.